கோலார் தங்கவயலும் ராஜ்யாதிகாரமும்

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், கன்னட நாடும் ஆந்திரமும் தமிழகமும் ஒன்றையொன்று நெருங்கி வரும் கோடியில், பாறை துருத்திய வறண்ட மேட்டுநிலத்தில் அமைந்திருக்கிறது கோலார் தங்கவயல். ஊர் கன்னட ராஜ்யத்தைச் சேர்ந்தது. சுற்றியுள்ள கிராமங்களில் தெலுங்கு மிகுதி. சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன்களிலோ நூறாண்டுகளுக்கு மேலாகத் தமிழே வழங்கிவருகிறது. 1880 முதல் 2001 வரையில் இந்த நிலத்தின் அடியிலிருந்து வெளிவந்த தங்கம் ஏறக்குறைய 800 டன் என்பது கணக்கு. அந்த நூற்றிருபது ஆண்டுகளில் மைசூர் மகாராஜாவும், அவருக்கு மேல் அமர்ந்திருந்த பிரிட்டிஷ் ரெஸிடெண்டும், லண்டன் நகரத்துக் கம்பெனிகளும், மைசூர் மாநில அரசாங்கமும், கடைசியாக இந்திய அரசாங்கமும் அந்நிலத்தின்மீது முறைமுறையாக ஆணை செலுத்தினார்கள்.

மூலதனமும் சரக்கும் தேச எல்லைகளை மதியாமல் சஞ்சரிக்கத் தொடங்கியதால் அரசுகளின் இறைமை குன்றிவிட்டதென்றும், இது 1991க்குப் பிறகு நமக்கு நேர்ந்த புதுமையென்றும் இக்காலத்தில் பலர் எண்ணுகிறார்கள். தங்கவயலின் சரித்திரத்தைச் சற்றே பொறுமையாகப் படிக்கிறவர்களுக்கு இந்த அபிப்பிராயம் பாதிதான் சரி என்று தோன்றும். மண்ணுக்கு உடையவர் ஒருவராகவும், அந்த மண்ணில் விளைந்ததற்கு விலை வைக்கிறவர் வேறொருவராகவும் இருக்கும் நிலைமை இவ்வூருக்கு அது பிறந்த நாளிலிருந்தே உண்டு. அதைவிடக் கவனிக்கத்தக்க விஷயம் இன்னொன்றும் உண்டு: எங்கோ தொலைவில், எவரோ லாபநஷ்டம் பார்த்துச் செய்த தீர்மானங்கள் இங்கே வந்து சேரும்போது, அண்டை அயலார்க்கிடையே மூண்ட சச்சரவாகவே உருமாறி வந்து சேர்ந்திருக்கின்றன.

இந்தத் தங்கத்தைப் பற்றிய முதல் ஆங்கிலக் குறிப்பே ஓர் எல்லைக் காரியத்தின்போது எழுதப்பட்டது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், வென்றவர்கள் அவருடைய ராஜ்யத்தைப் பங்கிட்டுக்கொண்டு, நடுவில் மிஞ்சிய பகுதியைப் பழைய உடையார் வம்சத்துக் குழந்தைக்குப் பட்டம் கட்டி ஒப்படைத்தார்கள். புதிய சமஸ்தானத்தின் கீழ்த்திசை எல்லையை அளக்க 1802இல் வந்தவர் லெப்டினண்ட் ஜான் வாரன். பிறப்பால் பிரெஞ்சுக்காரராகிய இவர் ஆங்கிலப் படையில் சேவித்து, பிற்காலத்தில் சென்னை வானசாலையின் தலைவராகி, தென்னாட்டுப் பஞ்சாங்க கணிதத்தை ஆராய்ந்து ‘காலசங்கலித’ என்ற பெருநூலையும் எழுதியவர். ஊரிகாம், மாரிகுப்பம் பக்கங்களில் பொன் கிடைப்பதாகக் கேள்வியுற்று, கொண்டுவந்து காட்டுவோருக்கு வெகுமதி உண்டென்று அவர் அறிவித்தபோது, கிராமவாசிகள் மண்ணை வண்டியில் ஏற்றிவந்து அவர் கண்முன்னே அலசிப் பொன்துகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஊர்ப்புறத்து ஏழைமக்கள் எண்ணெய் விளக்கோடு பழங்குழிகளில் இறங்கிக் கல் எடுப்பதையும் அவர் பார்த்தார். தங்கத்தைக் கண்டுபிடித்தவர் வாரன் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அவர் செய்ததோ, அவ்வூரார் அறிந்திருந்ததை உலகம் வாசிக்கும் பாஷையில் எழுதியதேயாம்.

எழுபது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குறிப்பு வாசிக்கப்பட்டது. மைக்கேல் பிட்ஸ்ஜெரால்ட் லவெல் என்ற ஐரிஷ் சிப்பாய், நியூஸிலாந்தில் மவோரிகளோடு நடந்த யுத்தத்தில் பணிபுரிந்து அங்கே தங்கவேட்டையையும் கண்டு திரும்பியவர், பெங்களூரில் ஓய்வாக இருந்த காலத்தில் வாரனுடைய கட்டுரையைப் படித்துவிட்டு, 1871இல் மாட்டுவண்டியில் புறப்பட்டு இந்த மேட்டுநிலத்துக்கு வந்தார். 1873இல் அனுமதிக்கு விண்ணப்பித்து, 1875இல் இருபது ஆண்டுக் குத்தகை பெற்றார். அந்தக் குத்தகையைக் கொடுத்தவர் யார் என்பதே நம் விஷயத்தின் நுழைவாயில். 1831இல் மகாராஜாவிடமிருந்து நிர்வாகத்தைப் பறித்துக்கொண்ட பிரிட்டிஷார், ஐம்பது ஆண்டுகள் கமிஷனர்களைக் கொண்டு மைசூரை நேரடியாக ஆண்டார்கள். வாரிசாகிய சாமராஜேந்திர உடையார் அப்போது சிறுவர். ஆகவே சமஸ்தானத்தின் பேரால், சமஸ்தானத்தார் அல்லாத ஒருவர், அயல்நாட்டார் ஒருவருக்கு நிலத்தடிப் பொருளை எழுதிக்கொடுத்தார். 1881இல் ராஜ்யம் சாமராஜேந்திரரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோது, அதிலிருந்த மிகப்பெரிய செல்வம் முன்னமே கைமாறியிருந்தது.

போதிய பணமில்லாத லவெல் தம் உரிமையை 1877இல் பெரஸ்போர்டு என்ற படை அதிகாரி முதலியோர் அடங்கிய கூட்டத்துக்கு விற்றுவிட்டார். 1880ஐ ஒட்டி லண்டன் பங்குச் சந்தையில் தென்னிந்தியத் தங்கத்தைப் பற்றிய பெரும்பித்து ஒன்று பரவிற்று. வயநாட்டுக் காடுகளின் பேரில் டஜன் கணக்கான கம்பெனிகள் கிளம்பி, பங்குகளை விற்று, இயந்திரங்களை மலைமேல் ஏற்றி, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திவாலாகி மறைந்தன. அதே வெள்ளத்தில் மிதந்துவந்ததுதான் 1880இல் பதிவான மைசூர் கோல்டு மைனிங் கம்பெனியும். ஜான் டெய்லர் அண்டு ஸன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் இதன் நிர்வாகத்தை ஏற்று, போட்ட பணமெல்லாம் கரைந்து கடையைக் கட்டிவிடலாமா என்று பங்குதாரர்கள் யோசித்துக்கொண்டிருந்த வேளையில், கேப்டன் பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி பழங்காலத்துக் குழிகளுக்கும் கீழே தோண்டிச் சென்று சாம்பியன் பொன்ரேகையைத் தொட்டார். அதன்பின் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க், பாலகாட் என்று கம்பெனிகள் பெருகின. ரெஸிடெண்டு டொனால்டு ராபர்ட்ஸன் பேரால் ராபர்ட்சன்பேட்டையும், பக்கத்தில் ஆண்டர்சன்பேட்டையும் எழுந்தன. பௌரிங்பேட்டை என்று அப்போது அழைக்கப்பட்ட பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை ரயில் வந்தது.

இத்தனைக்கும் நடுவே மகாராஜாவின் ராஜ்யாதிகாரம் எவ்வளவு? 1881ஆம் ஆண்டு ஒப்படைப்புப் பத்திரத்தின்படி மைசூர், பிரிட்டிஷாருக்குக் கட்டவேண்டிய வருஷக் கப்பம் 35 லட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜைகளின்மீது விசாரணை நடத்தும் அதிகாரம் கவர்னர் ஜெனரலிடமே நின்றுவிட்டது. ரயில் ஓடும் நிலத்தின்மீதும் மகாராஜாவின் சட்டம் செல்லாது. எடுக்கிற தங்கத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் ராயல்டி சமஸ்தானத்துக்கு உண்டு; கட்டிகளாக வார்க்கப்பட்ட தங்கமோ கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. அதற்கு ஈடாக, சமஸ்தானத்துக்கு ஒரு வேலை மட்டும் முழு உரிமையோடு தரப்பட்டது: காவல். தங்கவயலுக்கென்று தனி மாஜிஸ்திரேட்டும் தனிப் போலீசும் ஏற்பட்டு, பொன் கலந்த மண்ணை அனுமதியின்றிக் கையில் வைத்திருப்பதே குற்றமென்று சட்டமும் வந்தது. கம்பெனியின் சொத்தைக் காக்கும் அளவுக்கு அரசாங்கம் வலிமையோடு இருக்கவேண்டும். கம்பெனியைக் கேள்வி கேட்கும் அளவுக்கு வலிமை வேண்டியதில்லை. இந்தச் சூத்திரம் தங்கவயலில் எழுதப்பட்டதை உலகம் பிற்காலத்தில் பல தேசங்களில் படித்தது.

நாணயத்தின் விளையாட்டையும் இங்கே சொல்லவேண்டும். 1870களில் ஐரோப்பிய நாடுகள் வெள்ளியைக் கைவிட்டுத் தங்க நாணயத்துக்கு மாறியபோது வெள்ளியின் மதிப்பு சரிந்தது; வெள்ளி நாணயமாகிய நம் ரூபாயும் அதோடு சரிந்தது. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங்குக்கு மாறிய ரூபாய், 1890களின் நடுவில் ஒன்றேகால் ஷில்லிங்குக்கும் கீழே போயிற்று. கம்பெனிகள் கூலி கொடுத்தது ரூபாயில். தங்கம் விற்றது பவுனில். பெர்லினிலும் பாரிஸிலும் மந்திரிகள் செய்த தீர்மானத்தால், மாரிகுப்பத்தில் பாறை உடைத்தவனுடைய உழைப்பு, அவன் அறியாமலே, லண்டன் முதலாளிக்கு ஆண்டுதோறும் மலிவாகிக்கொண்டு வந்தது.

அந்தப் பாறையை உடைத்தவர் யார்? கீழே இறங்க உள்ளூர் விவசாயிகள் முன்வராததால் ஆள் பிடிக்கிற காண்டிராக்டர்கள் வட ஆற்காடு, சேலம், சித்தூர் சீமைகளைத் தேடிப் போனார்கள். 1876 முதல் 78 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் உறவும் மாடும் இழந்து, நிலமில்லாமல் பண்ணையாட்களாய்க் கிடந்த பறையர் முதலிய ஆதிதிராவிட மக்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து சேர்ந்தார்கள். அடிமை வேலையிலிருந்து தப்பி அபாய வேலைக்கு வந்தவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3,200 மீட்டர் ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழ்ந்த சுரங்கங்களில் ஒன்றாயிற்று. அவ்வளவு கீழே பாறை கைவைக்க முடியாதபடி கொதிக்கும்; அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடித்து ஆட்களைப் புதைக்கும். கல்தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற நோயாக மூண்டது. 1940களில் பல ஆயிரம் தொழிலாளரைப் பரிசோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் அதன் அடையாளம் காணப்பட்டது.

ஆயினும் இம்மக்களின் வாழ்க்கை துன்பக் கதை மட்டுமன்று. கிராமத்து மிராசுதாரரின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், கையில் ரொக்கக் கூலி புழங்கிய இடத்தில், தாம் யாரென்று தாமே யோசிக்க அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. அயோத்திதாச பண்டிதர் சென்னையில் தொடங்கிய பௌத்த இயக்கத்தின் கிளை 1907இல் மாரிகுப்பத்தில் கால்கொண்டது. பண்டிதர் 1914இல் மறைந்து, அவருடைய ‘தமிழன்’ பத்திரிகையும் நின்றுபோனபின், 1926இல் அதை மறுபடி உயிர்ப்பித்து நடத்தியவர் தங்கவயலைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார். பண்டிதருடைய நூல்களை அச்சிட்டுப் பரப்பிய சித்தார்த்த புத்தகசாலையும் இங்கேதான் இருந்தது. மைசூர் ராஜ்யத்தில், ஆங்கிலேயர் சுரங்கத்தில் உழைத்த தமிழர்கள், புத்தரைத் தம் முன்னோர் மரபென்று கொண்டு, சென்னை ராஜதானியின் சீர்திருத்த வாதங்களுக்கு இங்கிருந்து பத்திரிகை நடத்தினார்கள். எல்லைகளைக் கடப்பது முதலாளிக்கு மட்டும் கைவந்த வித்தையன்று என்பதற்கு இது சாட்சி.

இனி மின்சாரத்தின் கதை. சுரங்கம் ஆழமாக ஆக, தண்ணீர் இறைக்கவும் காற்று செலுத்தவும் கல் அரைக்கவும் நீராவி இயந்திரங்களுக்கு நிலக்கரி கட்டுப்படியாகவில்லை. திவான் சேஷாத்ரி ஐயருடைய அரசாங்கம் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சார நிலையம் கட்ட முடிவு செய்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி மின்னாக்கிகளைத் தந்தது. ஸ்விட்ஸர்லாந்தின் எஷர் விஸ் சுழலிகளைத் தந்தது. 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே மின்சாரம் தங்கவயலுக்கு வந்தபோது, அதுவே உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான். இந்நிலையம் சமஸ்தானத்தின் சொந்தச் சொத்து; சுரங்கக் கம்பெனிகள் அதன் வாடிக்கைக்காரர். நிலத்தடிப் பொருளைத் தன் கைக்கு வெளியே பறிகொடுத்த ராஜ்யம், நீரின் விசையை விலைக்கு விற்று, பறிபோனதில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றது. இறைமை முழுவதும் அழிவதில்லை. ஓரிடத்தில் முடங்கினால் வேறோரிடத்தில் தலையெடுக்க வழி தேடுகிறது.

ஆனால் கோடையில் காவிரி வற்றும்போது மின்சாரமும் சுருங்கிற்று. நீரைத் தேக்கிவைத்து ஆண்டு முழுவதும் ஒரே சீராக விட்டால்தான் கம்பெனிகளுக்கு வாக்களித்த சக்தியைத் தரமுடியும். 1909இல் தலைமை எஞ்சினீயராகவும் 1912இல் திவானாகவும் ஆன விசுவேசுவரய்யா, கண்ணம்பாடியில் பேரணை கட்டும் திட்டத்தை முன்வைத்தபோது, பாசனத்தோடு தங்கவயலின் மின்சாரத் தேவையையும் முக்கியமான காரணமாகக் காட்டினார். சுரங்கங்கள் தரும் வருமானம் அணையின் செலவுக்கு உத்தரவாதம் போல நின்றது. 1892ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, மைசூர் புதிய நீர்த்தேக்கம் கட்டச் சென்னை அரசாங்கத்தின் முன்சம்மதம் வேண்டும். மைசூர் 41.5 டி.எம்.சி. தேக்க விரும்பிற்று, சென்னையோ தஞ்சை டெல்டாவை எண்ணி மறுத்தது. முதற்கட்டமாக 11 டி.எம்.சி.க்கு மட்டும் இந்திய அரசாங்கம் அனுமதி தர, மைசூர் அஸ்திவாரத்தைப் பெரிய அணைக்கேற்ற அகலத்திலேயே போட்டது. வழக்கு நடுவர் கிரிஃபினிடம் போய், 1914இல் அவர் தீர்ப்புச் சொல்ல, சென்னை அதை ஏற்காமல் லண்டனில் இருந்த இந்தியா மந்திரி வரைக்கும் முறையிட்டது. 1924 பிப்ரவரியில் ஏற்பட்ட உடன்படிக்கை இருதரப்புக்கும் வழிவிட்டது: மைசூருக்குக் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகரம், சென்னைக்கு மேட்டூர்.

மின்சாரத்துக்காகச் சுழலியில் விழும் நீர் மறுபடி ஆற்றில்தான் சேர்கிறது. அதனால் டெல்டாவுக்குக் குறைவில்லை. தேக்குவதும், தேக்கியதைக் கால்வாயில் திருப்புவதுமே வழக்கின் கரு. மாண்டியாப் பக்கத்து வறண்ட பூமி பிற்பாடு நெல்லும் கரும்பும் விளைந்து செழித்ததில் நியாயம் உண்டு. தஞ்சை விவசாயி தன் பழைய பாத்தியதையை வற்புறுத்தியதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்தத் தகராறு சூடேறியதற்கு, காவிரிக் கரையை ஒருநாளும் பார்த்திராத லண்டன் பங்குதாரர்களின் இயந்திரங்கள் இடையறாது ஓடவேண்டும் என்ற அவசரமும் ஒரு காரணம் என்பதை, மைசூர்க்காரரும் மறந்தார்கள், தஞ்சாவூர்க்காரரும் மறந்தார்கள். கம்பெனிகள் போய்விட்டன, வழக்கு மட்டும் எஞ்சி நின்றது.

1930இல் தங்கவயல் தன் சொந்தக் குரலில் பேசிற்று. தொழிலாளர் ஒவ்வொருவரையும் பதிவு செய்து கைரேகை வாங்கவேண்டும் என்று நிர்வாகம் விதித்தபோது, கைரேகை என்பது குற்றவாளியிடம் பெறுவது என்று உணர்ந்த பல்லாயிரம் பேர் வேலையை நிறுத்திவிட்டார்கள். பெயர்சொல்லத்தக்க சங்கம் எதுவும் அப்போது இல்லை. ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் ஓய்ந்தன. கடைசியில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. மகாராஜாவினால் கம்பெனியிடம் பெறமுடியாத ஒரு சலுகையை, எழுத்தறியாத தொழிலாளர்கள் விரலை நீட்ட மறுத்தே பெற்றார்கள். அதற்கடுத்த ஆண்டு இங்கிலாந்து தங்க நாணயத் திட்டத்திலிருந்து விலகிற்று. தங்கத்தின் விலை, 1919 முதல் தினந்தோறும் அதை நிர்ணயித்துவந்த லண்டன் ராத்ஸ்சைல்டு அலுவலகத்தில், ஏறத் தொடங்கிற்று. உலகெங்கும் தொழில்கள் முடங்கிய மந்த காலத்தில் தங்கவயல் மட்டும் செழித்தது. அந்தச் செழிப்பில் தம் பங்கைக் கேட்ட தொழிலாளர்கள் 1940களில் கம்யூனிஸ்டுத் தோழர்களின் தலைமையில் சங்கமாகத் திரண்டார்கள். 1946 நவம்பர் 4ஆம் தேதி போலீஸ் சுட்டதில் ஆறு பேர் மாண்டார்கள். மகாராஜாவின் போலீஸ் வெள்ளையர் கம்பெனிக்காகச் சுட்ட அந்தச் சம்பவத்திலிருந்து சுதந்திரத்துக்கு ஒன்பது மாதமே பாக்கி.

சுதந்திரத்துக்குப்பின், மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் மாதத்தின் இறுதியிலேயே மைசூர் அரசாங்கம் சுரங்கங்களைத் தன்வசமாக்கிற்று. கோலார் ஜில்லாவில் தெலுங்கர் மிகுதியென்பதால் அதை ஆந்திரத்தோடு சேர்க்கலாமா என்ற பிரச்னையை ராஜ்ய சீரமைப்புக் கமிஷன் ஆராய்ந்து, பெங்களூரோடு உள்ள தொடர்பை முன்னிட்டு மைசூரிலேயே விட்டிருந்தது. தமிழர் செறிந்த தங்கவயல் அந்த வாதத்தில் ஓர் உபகதை. மண் இப்போது நம்முடையதாயிற்று, விலை? நாட்டுச் சந்தையில் தோலா நூறு ரூபாய்க்கு மேல் விற்ற காலத்தில், தங்கவயலின் பொன்னை மத்திய அரசாங்கம் பன்னாட்டு நிதியத்தின் கணக்கு விலையாகிய 62 ரூபாய் 50 காசுக்கு எடுத்துக்கொண்டது. அவுன்ஸ் 35 டாலர் என்று 1934இல் வாஷிங்டன் வகுத்து, 1944இல் பிரெட்டன்வுட்ஸில் உலகம் ஏற்ற விலை அது. அந்நியச் செலாவணிக்காகத் தேசம் அந்தத் தங்கத்தை வேண்டிற்று. அதன் நஷ்டம் சுரங்கத்தின் கணக்கில் எழுதப்பட்டது. மாநிலத்தால் தாங்கமுடியாமல், சீனப் போர் நின்ற பத்தாம் நாளில், 1962 டிசம்பர் 1ஆம் தேதி மத்திய அரசாங்கம் சுரங்கங்களை ஏற்றது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறைக் கம்பெனி பிறந்தது. இடையே 1965இல், பூமியின் ஆழத்தில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், ஜப்பானிய, ஆங்கிலேய ஆராய்ச்சியாளரோடு கூடி, காற்றுமண்டலத்து நியூட்ரினோவை முதன்முதலில் கண்டார்கள். பொன் குறைந்தாலும் ஆழம் பயன்பட்டது.

ராஜ்யம் மொழியால் பிரிந்தபின் தங்கவயல் தமிழருக்குப் புதிய சங்கடம் தொடங்கிற்று. இவர்களுடைய பாட்டனார் வந்தபோது இது மகாராஜா நாடு. வேலைக்கு வந்தவன் எந்தப் பாஷை பேசினாலும் அக்கறையில்லை. இப்போது இது கன்னட நாடு. பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் வேண்டுமென்ற கோகாக் கமிட்டியின் அறிக்கையும், 1982இல் நடிகர் ராஜ்குமார் தலைமையில் அதற்காகப் பெருகிய கிளர்ச்சியும் இங்கே அச்சத்தையும் எதிர்ப்பையும் விளைத்தன. மார்க்சிஸ்டு கட்சியும் இந்தியக் குடியரசுக் கட்சியும் அண்ணா தி.மு.க.வும் தங்கவயலிலிருந்து கர்நாடகச் சட்டசபைக்குப் பிரதிநிதிகளை அனுப்பியது, எந்த மாநிலத்தின் அரசியலிலும் முழுதாக அடங்காத ஓர் ஊரின் மனத்தைக் காட்டும்.

1991ஆம் ஆண்டில் எல்லா இழைகளும் ஒரே முடிச்சில் வந்து விழுந்தன. ஜூன் 25ஆம் தேதி காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பு வழங்கிற்று. ஜூலையில் அந்நியச் செலாவணி வற்றிய இந்தியா, ரிசர்வ் பாங்கின் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன்னை இங்கிலாந்துக்கு விமானத்தில் அனுப்பி அடகு வைத்தது. அதே மாதம் புதிய தொழிற்கொள்கையை அறிவித்தது. டிசம்பரில் காவிரியின் பேரால் பெங்களூரிலும் தென் கர்நாடகத்திலும் தமிழர்மீது வன்முறை பாய்ந்து பலர் உயிரும் குடிசையும் இழந்தனர். அதே டிசம்பரில், நஷ்டப்படும் பொதுத்துறைக் கம்பெனிகளையும் நலிந்த தொழில்களுக்கான வாரியத்திடம் ஒப்படைக்கச் சட்டம் திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டே பாரத் கோல்டு மைன்ஸ் அந்த வாரியத்தின் வாசலுக்கு வந்தது. அடகுக்கு அனுப்பத் தங்கம் வேண்டியிருந்த தேசம், தங்கம் தோண்டியவர்களைச் சுமையென்று கண்டது.

முடிவும் லண்டனிலிருந்தே வந்ததெனலாம். 1999 முதல் இங்கிலாந்து பாங்கு தன் தங்கத்தில் 395 டன்னை ஏலத்தில் விற்கத் தொடங்க, ஏற்கனவே தளர்ந்திருந்த விலை அவுன்ஸ் 260 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. 2000இல் வாரியம் கம்பெனியைக் கலைக்கப் பரிந்துரைத்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. விலை இருபதாண்டுகளின் அடிமட்டத்தை ஒட்டி நின்ற மாதம் அது. பத்தே ஆண்டில் அந்த விலை ஆறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் தங்கவயல் தந்த பொன் அத்தனையையும் இந்தியா இப்போது ஒரே வருஷத்தில் இறக்குமதி செய்கிறது. எஞ்சியிருந்த சில ஆயிரம் தொழிலாளரின் பிள்ளைகள் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர்க் கடைகளுக்கும் கட்டிட வேலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய், இரவில் திரும்புகிறார்கள்.

விலையை நிர்ணயிக்கும் சக்தி எந்தத் தனி அரசுக்கும் இல்லை என்பது மெய்தான். மகாராஜாவுக்கும் இல்லை, மைசூர் மாநிலத்துக்கும் இல்லை, தில்லிக்கும் இல்லை. ஆயினும் அரசு இங்கே சக்தியற்று இருந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். காவல் வைக்க, சுட, எந்தப் பாஷையில் படிக்கவேண்டுமென்று விதிக்க, மூடும் உத்தரவில் கையெழுத்திட, அரசுக்கு எக்காலத்திலும் வலிமை குறையவில்லை. கல்தூள் அரித்த நுரையீரலுக்கு மருந்தும், வேலை இழந்தவனுக்கு மாற்றுத்தொழிலும், சிறுபான்மைக் குழந்தைக்குப் பள்ளியும், இரண்டு மாநிலங்களின் கோபத்துக்கிடையே வாழ்கிறவனுக்குப் பாதுகாப்பும் தர எந்தப் பன்னாட்டுச் சந்தையும் தடை விதித்ததில்லை. உலகமயம் பறித்துக்கொண்டதைவிட, உலகமயத்தைச் சாக்காகக் காட்டி அரசுகள் தாமே கைவிட்ட இறைமைதான் தங்கவயலில் அதிகம்.

இந்தக் கூற்றைச் சோதித்துப் பார்க்கச் சந்தர்ப்பமும் வந்திருக்கிறது. அரைத்துச் சயனைடில் கழுவிக் கொட்டிய மண் பதின்மூன்று குன்றுகளாய் ஊரைச் சுற்றி நிற்கிறது. அதில் மிஞ்சியுள்ள பொன்னை எடுக்க, 2024 ஜூனில் கர்நாடக மந்திரிசபை ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தில் இசைவு தந்தது. மத்திய அரசும் மாநில அரசும் பங்கைப் பற்றிப் பேசும். ஏலம் கேட்பவர் எந்த நாட்டினராயினும் இருக்கலாம். விலை மறுபடியும் லண்டனில் எழுதப்படும். அதையெல்லாம் மாற்றமுடியாது. அந்தக் குன்றுகளின் தூசியை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுவாசித்துவரும் குடும்பங்களுக்கு, எடுக்கப்போகும் பொன்னில் என்ன உரிமை என்பதை ஒப்பந்தத்தில் எழுத இரண்டு அரசாங்கங்களுக்கும் பூரண அதிகாரம் உண்டு. எழுதாமல் விட்டால் அந்தக் குறையை லண்டன்மேல் சுமத்த இயலாது.